கடலோரப் படித்துறை

நுழையும்முன்

நாம் கண்டு பழகிய நினைவிடங்களுள் பெரும்பாலானவை அரசர்கள் எழுப்பியவை. கோட்டை, அரண்மனை, கோயில், வெற்றித்தூண் என அவற்றை வகைப்படுத்தலாம். கூலித் தொழிலாளர்கள் ஏறிச் சென்ற சில கற்படிகளும் உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படுகின்றன என்றால் வியப்பாக இருக்கும். அப்படிகள் இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீசியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயிசில் இருக்கின்றன. அவற்றில் ஏறியவர்களுள் தமிழரும் உண்டு. அத்துறைமுக நகரின் காட்சிகளையும் அவற்றுக்குப் பின்னுள்ள மனிதர்களையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

தீவும் துறைமுகமும்

ஆப்பிரிக்காவின் கிழக்கே மடகாஸ்கர் தீவு உள்ளது. அதிலிருந்து மேலும் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் மொரீசியஸ் தென்படும். கடலடி எரிமலையின் குழம்பு இறுகி உருவான தீவு இது. கரையைச் சுற்றிப் பவளப்பாறைகள் வேலிபோல் நிற்பதால், பேரலைகள் அங்கேயே உடைந்து, கரையோர நீர் அமைதியாகக் கிடக்கிறது. வெண்மணலும் பச்சைக் கரும்பு வயல்களும் கூர்முனை கொண்ட கருமலைகளும் ஒரே பார்வையில் அமையும் காட்சி, உலகின் பல பகுதிகளிலிருந்தும் பயணிகளை ஈர்க்கிறது.

இத்தீவுக்குப் பூர்வகுடிகள் என எவரும் இல்லை. 1598ஆம் ஆண்டு கரையிறங்கிய டச்சுக்காரர்கள், தங்கள் இளவரசர் மாரீட்சின் பெயரைத் தீவுக்குச் சூட்டினர். கரும்பை இங்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. பறக்க இயலாத டோடோ என்னும் பறவை இத்தீவில் மட்டுமே வாழ்ந்தது. மனிதர்களும் அவர்களோடு வந்த விலங்குகளும் கால்வைத்த நூறாண்டுக்குள் அது அடியோடு அழிந்தது. 1710இல் டச்சுக்காரர்கள் தீவைக் கைவிட்டனர். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினர். 1810இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1968 மார்ச் 12 அன்று மொரீசியஸ் விடுதலை பெற்றது. இன்று அங்கு வாழும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அனைவரும் கடல் வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்களே. ஆகவே, அந்நாட்டின் வரலாறு துறைமுகத்தில்தான் தொடங்குகிறது.

போர்ட் லூயிஸ் தீவின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ளது. நகருக்குப் பின்னால் மோக்கா மலைத்தொடர் அரைவட்டமாக வளைந்து நின்று, தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றைத் தடுக்கிறது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படும்வரை, ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டியிருந்தது. அந்நெடும்பயணத்தில் நீரும் உணவும் ஏற்றிக்கொள்ளவும், பழுது பார்க்கவும், புயலுக்கு ஒதுங்கவும் ஏற்ற துறையாக இது விளங்கியது.

சிலையும் சதுக்கமும்

துறைமுகத்தின் முகப்பில், கடைகளும் உணவகங்களும் நிறைந்த கோடான் கடற்கரை வளாகம் இருக்கிறது. அங்குள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847இல் அச்சிடப்பட்ட இரண்டு அஞ்சல்தலைகள் பாதுகாக்கப்படுகின்றன. ஒன்று செம்மஞ்சள் நிறத்தது. மற்றொன்று நீலநிறத்தது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் தொடக்கத்திலேயே வெளிவந்த அஞ்சல்தலைகள் இவை. வகைக்கு 500 மட்டுமே அச்சிடப்பட்டு, மிகச் சிலவே எஞ்சியதால் இன்று கோடிக்கணக்கில் விலைமதிப்புடையவை. ஒளியால் நிறம் மங்கிவிடாதிருக்க, குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே விளக்கேற்றிக் காட்டுகின்றனர். ஒரு சிறு தாளை இவ்வளவு கருத்தோடு காப்பதைக் கண்டபின் நகரின் பிற காட்சிகளை நோக்கி நடப்போம்.

அருகிலேயே பிளாஸ் தார்ம் என்னும் சதுக்கம். உயர்ந்த பனையினமரங்கள் இருமருங்கும் அணிவகுக்க, அதன் மறுகோடியில் பிரெஞ்சுக் காலத்து அரசு மாளிகை நிற்கிறது. கடலை நோக்கியவாறு ஒரு சிலை உள்ளது. அது, 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொன்னேயின் சிலை. காடும் சேறுமாய்க் கிடந்த கரையைத் துறைமுகமாக்கியவர் அவர். கப்பல் கட்டும் தளம், பண்டசாலை, மருத்துவமனை, குடிநீர்க் கால்வாய் ஆகியவை அவர் காலத்தில் எழுந்தன.

கட்டளை அவருடையது. கற்களைச் சுமந்தவர்கள் யார்? மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். கல்தச்சு, மரவேலை, கப்பல் வேலை ஆகியவற்றில் தேர்ந்த கைவினைஞர்கள் புதுச்சேரிப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். தமிழரை ‘மலபார்’ என்று அழைத்த பிரெஞ்சுக்காரர்கள், நகரின் கிழக்கே அவர்கள் வாழ்ந்த பகுதியை ‘மலபார் முகாம்’ என்றனர். கூலித் தொழிலாளர் வருவதற்கு நூறாண்டுகள் முன்பே தமிழர் கைகள் இந்நகரைக் கட்டத் தொடங்கிவிட்டன. சிலைக்கு ஒரு பெயர் உண்டு. அக்கைகளுக்குப் பெயர் இல்லை.

தெரியுமா?

போர்ட் லூயிசில் சிலையாக நிற்கும் லா பூர்தொன்னே, 1746ஆம் ஆண்டு மொரீசியசிலிருந்து கப்பற்படையுடன் வந்து சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றியவர். அக்காலத்துப் புதுச்சேரி நிகழ்வுகளை நாள்தோறும் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கர். இப்படையெடுப்பு பற்றிய செய்திகளையும் அவரது நாட்குறிப்பில் காணலாம்.

அங்காடியில் கேட்கும் சொற்கள்

சதுக்கத்திலிருந்து சிறிது தொலைவில் மத்திய அங்காடி. கீரைக்கட்டுகளும் அன்னாசிப் பழங்களும் மிளகாய்க் குவியல்களும் நிறைந்த அவ்விடத்தில் ஒரு தமிழ் மாணவர் நின்றால், அயல்நாட்டில் இருக்கிறோம் என்பதைச் சிறிதுநேரம் மறந்துவிடக்கூடும். முருங்கைக்கீரையை அங்குள்ளோர் ‘பிரெட் முரூம்’ என்கின்றனர். முதற்சொல் கீரையைக் குறிக்கும். இரண்டாம் சொல் நம் முருங்கையை நினைவூட்டும். ‘கரி’ என்பது கறி. ‘ரசோன்’ என்பது இரசம். ஊறவைத்த பருப்பை அரைத்து, மிளகாயும் வெங்காயத்தாளும் சேர்த்துப் பொரிக்கும் ‘கத்தோ பிமான்’ நம் பருப்பு வடையின் உடன்பிறப்பு. பருப்பை உள்ளே வைத்துத் தட்டும் ‘தால் பூரி’ வட இந்தியாவிலிருந்து வந்தது. அதே வீதியில் சீன நூடுல்சும் பிரெஞ்சு ரொட்டியும் கிடைக்கின்றன. விழாக்காலத்தில் வாழையிலையில் ஏழு கறிகள் பரிமாறும் வழக்கமும் உண்டு.

வாங்குபவரும் விற்பவரும் பேசும் மொழி கிரியோல். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த அடிமைகள் தமக்குள்ளும் பிரெஞ்சு முதலாளிகளோடும் பேசவேண்டிய தேவையிலிருந்து பிறந்த மொழி அது. சொற்களுள் பெரும்பாலானவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. இன்று அந்நாட்டின் எல்லா இனத்தவரையும் இணைக்கும் பேச்சுமொழியாக அதுவே விளங்குகிறது.

படித்துறை

அங்காடியைக் கடந்து கடலோரமாக நடந்தால் துரூ ஃபான்ஃபரோன் என்னும் குடாவை அடையலாம். இங்குதான் நாம் தேடிவந்த இடம் இருக்கிறது. அதன் பெயர் ஆப்ரவாசி காட். ‘ஆப்ரவாசி’ என்னும் இந்திச் சொல்லுக்குக் குடிபெயர்ந்து வந்தோர் என்பது பொருள். ‘காட்’ என்பது நம் படித்துறை.

பயணி முதலில் ஏமாற்றமடையக்கூடும். கோபுரம் இல்லை. மதிற்சுவர் இல்லை. கருங்கல்லால் கட்டிய சில தாழ்ந்த அறைகள், தொழிலாளர் தங்கிய கொட்டகையின் எச்சம், சிறு மருத்துவமனையின் பகுதிகள், காவலர் இருந்த அறை, கழிப்பறைகள், கடலிலிருந்து மேலேறும் ஒரு படிக்கட்டு ஆகியவையே உள்ளன. உலக மரபுச் சின்னமாக வரையறுக்கப்பட்ட பரப்பு 1,640 சதுர மீட்டர். நம் ஊர்க்கணக்கில் ஏறத்தாழ 40 சென்ட் நிலம். ஒரு காலத்தில் இவ்வளாகம் இதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தது. பின்னாளில் போடப்பட்ட நெடுஞ்சாலை அதனை ஊடறுத்துச் சென்றது. எஞ்சியதைத்தான் இன்று காண்கிறோம்.

இந்த 40 சென்ட் நிலத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? அதனை அறிய 1835க்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாள் மொரீசியசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அடிமைகளை இழந்த தோட்ட உரிமையாளர்களுக்குப் பிரித்தானிய அரசு 20 இலட்சம் பவுனுக்கும் மேல் ஈட்டுத்தொகை வழங்கியது. அடிமைகளாய் இருந்தவர்களுக்கு ஒன்றும் வழங்கவில்லை. மாறாக, மேலும் சில ஆண்டுகள் பழைய முதலாளியிடமே ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் உழைக்கவேண்டும் என விதித்தது. அக்கட்டாயம் நீங்கியதும் அவர்களுள் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறினர்.

சர்க்கரைக்கோ ஐரோப்பாவில் தேவை பெருகிக்கொண்டிருந்தது. உழைக்க வேறு கைகள் வேண்டும். அடிமைகளுக்கு மாற்றாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு தோட்டங்களை நடத்த இயலுமா எனப் பிரித்தானிய அரசு ஆராய முற்பட்டது. அதற்கு அது வைத்த பெயர் ‘மாபெரும் சோதனை’. சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மொரீசியஸ். 1834 நவம்பர் 2 அன்று கொல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘அட்லஸ்’ என்னும் கப்பல் 36 தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியது. அன்று தொடங்கி 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கொல்கத்தா, சென்னை, மும்பை ஆகிய துறைமுகங்கள் வழியே மொரீசியசுக்கு வந்தனர். 1849இல் குடியேறுவோர் முகாம் இக்குடாவில் அமைக்கப்பட்டது. அதன்பின் வந்தவர்கள் இங்கேயே கணக்கெடுக்கப்பட்டு, இரண்டொரு நாள் தங்கவைக்கப்பட்டு, தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். சோதனை தமக்கு வெற்றி எனக் கண்ட ஆட்சியாளர், அதே முறையைக் கயானா, டிரினிடாட், நேட்டால், ஃபிஜி முதலிய இடங்களுக்கும் விரிவாக்கினர். எனவே, இப்படிகள் ஒரு தீவின் வரலாற்றுக்கு மட்டும் உரியவை அல்ல. உலகெங்கும் பரவிய ஒப்பந்தத் தொழிலாளர் வரலாற்றின் முதற்படிகள் இவை. 2006இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஐந்து ரூபாய்க் கூலி

கப்பலேறியவர்கள் ஏன் ஏறினர்? ஊரில் பஞ்சம், கடன், நிலவரி, சாதிக்கொடுமை எனப் பல காரணங்கள் இருந்தன. ஆள்சேர்ப்போர் சொன்ன பொய்யுரையும் அவற்றுள் ஒன்று. ஒப்பந்தத்தாளில் கைந்நாட்டு வைத்தவர்களுள் பலருக்கு அதில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாது.

ஐந்தாண்டு ஒப்பந்தம். மாதக்கூலி ஐந்து ரூபாய். அதனுடன் அரிசி, பருப்பு முதலிய உணவுப்பொருள்கள். ‘இரட்டை வெட்டு’ என்றொரு விதி இருந்தது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். நோய்வாய்ப்பட்ட ஒருவர் ஒரு வாரம் படுத்திருந்தால், வேலை செய்த நாள்களின் கூலியையும் இழப்பார். ஒப்பந்தம் முடிந்தவர்களும் உரிமையோடு நடமாட இயலவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒளிப்படம் ஒட்டிய அனுமதிச்சீட்டை அவர்கள் எப்போதும் உடன்வைத்திருக்க வேண்டும். இல்லையேல் ‘ஊர்சுற்றி’ எனக் காவலர் பிடித்துச் செல்வர்.

இதனை அவர்கள் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. 1871இல் தொழிலாளர் 9,401 பேர் தங்கள் குறைகளை விளக்கி ஆளுநருக்கு ஒரு முறையீடு அளித்தனர். அதனை எழுத உதவியவர் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர். அதற்காகத் தோட்ட உரிமையாளர்களின் கடும் பகைக்கு அவர் ஆளானார். முறையீட்டின் விளைவாக அரச ஆணையம் ஒன்று வந்து உசாவியது. கொடுமைகள் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆயினும், எழுத்தறியாத ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடி எழுத்தின் வழியே நீதி கேட்டனர் என்பது எண்ணத்தக்கது.

1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய காந்தியடிகளின் கப்பல் போர்ட் லூயிசில் நின்றது. ஏறத்தாழ மூன்று வாரம் அவர் அங்குத் தங்கினார். பிள்ளைகளைப் படிக்கவையுங்கள், பொதுவாழ்வில் பங்குகொள்ளுங்கள் என்று இந்திய மக்களுக்கு அறிவுறுத்தினார். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மகனான சிவசாகர் ராம்கூலம், விடுதலை பெற்ற மொரீசியசின் முதல் பிரதமரானார். உப்புச் சத்தியாகிரகப் பயணம் தொடங்கிய மார்ச் 12ஆம் நாளே அந்நாட்டின் விடுதலை நாளாக அமைந்தது.

எண்ணும் பெயரும்

முகாமில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சாதி, உயரம், உடல் அடையாளம், ஏறிவந்த கப்பல் ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டன. பின்னர் ஒளிப்படங்களும் சேர்க்கப்பட்டன. ஆட்களைக் கண்காணிப்பதற்காக எழுதப்பட்ட பதிவேடுகள் இவை. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இன்று அவற்றைப் பாதுகாக்கிறது. தம் முன்னோர் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தனர் என்பதை அறிய விரும்புவோர் அங்குச் சென்று தேடுகின்றனர். மனிதர்களை எண்களாக்கிய ஏடுகளே இன்று அவ்வெண்களுக்குரிய மனிதர்களைக் கண்டறிய உதவுகின்றன.

தமிழர் பெயர்களைப் பற்றி ஈண்டுக் குறிப்பிடவேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆனால், எழுத்தர்கள் தம் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர்கள் அங்கு நிலையான குடும்பப்பெயர்களாயின. முத்துசாமி, வைத்தியலிங்கம், சொக்கலிங்கம், சுப்பிரமணியன் முதலிய பெயர்கள் சிறிது உருமாறி, ஐந்தாறு தலைமுறை கடந்தும் வழங்குகின்றன. கப்பலிலிருந்து இறங்கிய ஒருவரின் பெயரை, அவர் முகம் அறியாத எள்ளுப்பேரனும் தன் பெயரோடு சேர்த்து எழுதுகிறான்.

அருகருகே வாழ்தல்

படித்துறைக்கு அருகில், பிரெஞ்சுக் காலத்துப் பழைய இராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில், அடிமைமுறை பற்றிய பன்னாட்டு அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அடிமைகளாக வந்தவர்களின் நினைவும் ஒப்பந்தத்தில் வந்தவர்களின் நினைவும் ஒரே கரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கிருந்து ராயல் வீதியில் நடந்தால் சீனர் கடைத்தெரு வரும். அதன் நடுவே, இந்திய வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய ஜும்மா பள்ளிவாசல் வெண்ணிறத்தில் விளங்குகிறது.

நகரின் வடக்கே செயின்ட் குருவா பகுதியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் உள்ளது. வண்ணச் சுதைகள் நிறைந்த கோபுரத்தைக் கண்டால் மதுரை நினைவுக்கு வரும். அதே பகுதியில், விடுதலை பெற்ற அடிமைகளுக்குத் தொண்டாற்றி 1864இல் மறைந்த பாதிரியார் லவாலின் கல்லறை இருக்கிறது. அவர் நினைவுநாளையொட்டி ஆண்டுதோறும் செப்டம்பரில் பல சமயத்தவரும் இரவெல்லாம் நடந்து அங்குச் செல்கின்றனர். தைப்பூசம், மகா சிவராத்திரி, ஈகைத் திருநாள், சீனப் புத்தாண்டு, கிறித்துமசு ஆகிய அனைத்தும் அந்நாட்டில் அரசு விடுமுறைகள். அடிமைமுறை ஒழிந்த பிப்ரவரி 1, ஒப்பந்தத் தொழிலாளர் வந்த நவம்பர் 2 ஆகிய நாள்களும் விடுமுறைகளே.

தெரிந்து தெளிவோம்

மொரீசியஸ் பணத்தாள்களில் ஆங்கிலம், இந்தி ஆகியவற்றுடன் தமிழ் எழுத்தும் இடம்பெறுகிறது. வெவ்வேறு தாள்களில் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த தலைவர்களின் உருவங்கள் உள்ளன. 100 ரூபாய்த் தாளில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழர்.

பணத்தாளில் தமிழ் இருக்கிறது. பள்ளிகளில் விருப்பப்பாடமாகத் தமிழ் கற்பிக்கப்படுகிறது. எனினும், தமிழ் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தைப்பூசத்தன்று நோன்பிருந்து, அலகு குத்திக் காவடி சுமந்து, ‘அரோகரா’ என முழங்கும் இளைஞர்களுள் பலருக்குத் தமிழில் உரையாட இயலாது. இதனைக் குறையாக மட்டும் கருதுதல் முறையன்று. பள்ளியும் நூலும் இன்றி, நாள்முழுதும் கரும்பு வெட்டிய ஒரு மக்கள் கூட்டம், தன் வழிபாட்டையும் உணவையும் பெயரையும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்துவந்துள்ளது. பேச்சு நழுவியபோதும் உறவு நழுவவில்லை. ஆயினும், புழங்காத மொழி சடங்கின் ஓசையாகச் சுருங்கிவிடும் என்பதையும் அவர்கள் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. அதனை அறிந்தே அங்குள்ள தமிழாசிரியர்கள் தமிழைப் பேச்சுமொழியாக மீட்டெடுக்கப் பாடுபடுகின்றனர்.

மலையும் கற்குவியலும்

நகரை விட்டுத் தெற்கே பயணம் செய்தால், இருமருங்கும் கரும்பு வயல்கள். அவற்றின் நடுவே ஆங்காங்கே கருங்கற்கள் கூம்புபோல் அடுக்கப்பட்டிருக்கும். அறியாதோர் அவற்றை ஏதோ பழங்கால நினைவுச்சின்னம் என்று எண்ணக்கூடும். எரிமலைக் கற்கள் நிறைந்த நிலத்தைக் கரும்புக்குப் பண்படுத்திய தொழிலாளர்கள், கையால் பெயர்த்தெடுத்துக் குவித்த கற்கள் அவை. யாரும் நினைவுச்சின்னமாக எழுப்பவில்லை. ஆனால், அவர்களின் உழைப்புக்கு அவற்றைவிடச் சிறந்த சின்னம் வேறில்லை.

தீவின் தென்மேற்கு முனையில் கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது லெ மோர்ன் மலை. 556 மீட்டர் உயரமுடையது. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் மறைந்து வாழ்ந்தனர். அடிமைமுறை ஒழிந்ததை அறிவிக்கக் காவலர் மலையேறி வந்தபோது, தம்மைப் பிடிக்கவே வருகின்றனர் என அஞ்சிப் பலர் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்னும் வாய்மொழிக் கதை அம்மக்களிடையே வழங்கிவருகிறது. 2008இல் இம்மலையும் உலக மரபுச் சின்னமாயிற்று.

மொரீசியசில் உள்ள உலக மரபுச் சின்னங்கள் இவ்விரண்டே. ஒன்று, உழைக்க வந்தவர்கள் இறங்கிய துறை. மற்றொன்று, உழைப்பின் கொடுமையிலிருந்து தப்பியவர்கள் ஏறிய மலை. தன் நாட்டின் பெருமை எதுவென உலகுக்குச் சொல்லவேண்டிய இடத்தில், அந்நாடு ஆளுநர் மாளிகையைச் சொல்லவில்லை. பெயர் தெரியாத எளியோர் கால்பட்ட இடங்களைச் சொன்னது.

தீவுக்குச் செல்லும் பயணி கடலையும் பவளப்பாறையையும் கண்டு மகிழலாம். அதனோடு அப்படித்துறைக்கும் சென்று ஒருகணம் நிற்கவேண்டும். வாரக்கணக்கில் கடலில் அலைக்கழிந்து, கால்தளர்ந்து, கையில் ஒரு சிறு மூட்டையோடு மேலேறியவர்கள் அப்படிகளில் முதலில் கண்டது என்னவாக இருக்கும்? எதிரே வளைந்து நிற்கும் அறியாத மலைகள். பின்னால், ஊருக்குச் செல்லும் வழியை மறைத்த கடல். நம் ஊர்களிலும் ‘கப்பலேறிப் போனவர்’ என ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் எங்கே இறங்கினர் என்னும் கேள்விக்கான விடைகளுள் ஒன்று, அந்த 40 சென்ட் நிலத்தில் இருக்கிறது.

சொல்லும் பொருளும்

படித்துறை – நீர்நிலையில் இறங்கி ஏறுவதற்குரிய படிகள் அமைந்த துறை
ஒப்பந்தத் தொழிலாளர் – குறிப்பிட்ட ஆண்டுகள் உழைப்பதாக எழுதிக்கொடுத்து வேலைக்குச் செல்வோர்
கைந்நாட்டு – எழுதத் தெரியாதோர் கையொப்பத்துக்கு மாற்றாக இடும் குறி
ஈட்டுத்தொகை – இழப்பை ஈடுசெய்ய வழங்கும் பணம்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ கடல்கடந்து சென்றவர்கள் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவர்களின் பெயர், சென்ற நாடு, செய்த தொழில் ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.
2. ‘நினைவுச்சின்னங்கள் யாருடைய வரலாற்றைச் சொல்லவேண்டும்?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

வினாக்கள்

குறுவினா
1. ‘ஆப்ரவாசி காட்’ என்னும் பெயரின் பொருளை எழுதுக.
2. ‘இரட்டை வெட்டு’ என்றால் என்ன?

சிறுவினா
1. மொரீசியஸ் தமிழர்களிடையே குடும்பப்பெயர் தோன்றிய வகையை விளக்குக.
2. கண்காணிப்பதற்காக எழுதப்பட்ட பதிவேடுகள் இன்று பயன்படும் வகையைச் சுட்டுக.

நெடுவினா
1. மொரீசியசின் இரு உலக மரபுச் சின்னங்களும் உணர்த்தும் வரலாற்றைத் தொகுத்து எழுதுக.